அரை அறை

வாடகை ஒப்பந்தத்தில் என் வீடு
இரண்டரை அறை.
அந்த அரையில்தான் கிடந்தது
பத்தொன்பது வருடத்துச் சாமான்.

வெள்ளிக்கிழமை டோர்ஸ்டன் வருகிறான்.
விடுதலைத் தாளில் எழுத
ஒரு முகவரி வேண்டுமாம்.
என்னுடையதைக் கொடுத்தேன்.
கொடுத்த பிறகுதான் தள்ளிப் பார்த்தேன்:
பாதிக்கு மேல் திறக்க மறுத்தது கதவு.

லைப்சிக்கில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு.
வேண்டாததைப் பெட்டியிலிட்டு
நடைபாதையில் வைத்து
'எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதினால் போதும்.
யார் வைத்தார், யார் எடுத்தார்,
கேள்வி கிடையாது.

முதல் நாள் எளிதாய்ப் போயிற்று.
செத்துப்போன போன்களின் சார்ஜர்கள் பதினொன்று.
மூடி இல்லாத ஜாம் பாட்டில்கள்,
பாட்டில் இல்லாத ஜாம் மூடிகள்
(ஒரே அலமாரியில் இருந்தும்
ஒன்றுக்கு ஒன்று பொருந்தவில்லை).
உவேயின் பனிச்சறுக்குக் காலணி.
உவே போன வருடமே
மலை இல்லாத ஊருக்குக் குடிபோய்விட்டான்,
மலை பிடிக்காத ஒருத்தியோடு.

இரண்டாம் நாள் கை மெதுவாயிற்று.
அப்பாவின் மீன்தொட்டி.
பதினாறு வருடமாய் மீன் இல்லை, அப்பாவும் இல்லை.
அடியில் கூழாங்கற்கள்,
கவிழ்ந்ததாகவே செய்து விற்ற
ஒரு பிளாஸ்டிக் கப்பல்.
ஒரு குதிரை குறைகிற சதுரங்கம்.
குதிரைக்குப் பதில் பித்தானை வைத்து ஆடுவான் டோர்ஸ்டன்;
அந்தப் பித்தானாலேயே
என் ராணியை வெட்டுவான்.
எல்லாம் மூன்று மாடி இறங்கின.
என் முழங்காலும் கூடவே.

கீழ்வீட்டு அன்னெக்ரேட் படியில் மறித்தாள்.
"காலி செய்கிறாயா?"
"தம்பி வருகிறான்."
"எங்கிருந்து?"
மேல்படியிலிருந்து ஒரு ஜாம் மூடி
உருண்டு இறங்கியது.
நல்லவேளை,
அதைத் துரத்திக்கொண்டு ஓடினேன்.

வியாழன் மாலை அறை தயார்.
சுவருக்கு வெள்ளை.
ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி.
மடித்த போர்வை.
கொக்கியில் ஒரு துண்டு.
வாசலில் நின்று பெருமையாய்ப் பார்த்தேன்.
பிறகும் பார்த்தேன்.
பிறகு கட்டிலின் விளிம்பில்
உட்கார்ந்துவிட்டேன்.

பார்வையாளர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து
ஒருமுறை சொல்லியிருந்தான்:
"கட்டில், மேசை, நாற்காலி.
கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன், சில்க்கே.
தடுக்கி விழவாவது
ஏதாவது வேண்டும் மனுஷனுக்கு."
நான்கு நாள் முதுகொடிந்து
அதையேதான் கட்டி வைத்திருக்கிறேன்,
என் செலவில்.

இரவு பதினொன்றரை.
இரவு உடைமேல் மழைக்கோட்டு.
நடைபாதையில் பெட்டியைக் காணோம்.
நல்ல கெட்டி அட்டை, யாருக்கோ தேவைப்பட்டிருக்கிறது.
உள்ளே இருந்ததைச் சுவரோரம்
பொறுப்பாய் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்,
நான் அடுக்கியதைவிட ஒழுங்காய்.
பனிக்காலணி மட்டும் இல்லை.
யாருக்கோ மலை வாய்த்திருக்கிறது.
மீன்தொட்டியில் நாலு விரற்கடை மழை.
பதினாறு வருடம் கழித்துக்
கப்பலுக்குத் தண்ணீர்.

கொட்டிவிட்டுத் தூக்கியிருக்கலாம்.
தோன்றவில்லை.
தளும்பத் தளும்ப
மூன்று மாடி ஏறினேன்;
சதுரங்கம் அக்குளில்.
இரண்டாம் மாடியில் ஒரு கதவு
மெல்லத் திறந்து, மெல்ல மூடிக்கொண்டது.

வெள்ளி.
ஒரே ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான்.
அறைக்குள் போனான்.
ஜன்னலைத் திறந்தான். மூடினான்.
மறுபடி திறந்தான்.
திரும்பியவன் தொட்டியில் இடித்துக்கொண்டான்,
சாக்ஸெல்லாம் ஈரம்.
"மீன் வளர்க்கிறாயா?"
"இல்லை."
"பிறகு எதற்கு இது, நடக்கிற வழியில்?"

"சும்மா" என்றேன்.
"சும்மா கிடக்கட்டும்."